இடது பக்கத்துக் காட்டர் பின்

10 ஜூன் 2024, திங்கள்

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் மாலை, சால்வையோடு இந்த டைரியையும் கொடுத்தார்கள். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் வெள்ளைத்தாள். ஐந்து மாதம் வீணாய்ப் போன டைரியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை, எனக்கும் எழுத இப்போதுதான் விஷயம் வந்திருக்கிறது.

கஸ்தூரி சனிக்கிழமை காலை திருப்பூருக்கு, மகள் ரேணுகா வீட்டுக்குப் போனாள். ஒரு பெட்டி, ஒரு கட்டைப்பை. ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள் என்று நினைக்கிறேன். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அந்தச் சைக்கிள மாட்டி முடிச்சுட்டுச் சொல்லுங்க. வந்து எடுத்துக்கறேன்."

வந்து என்றுதானே சொல்லியிருக்கிறாள். வரட்டும்.

சைக்கிள் இப்போது ஹாலில் சாக்கில் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பந்தயம் ஓட்டிய சைக்கிள். 1993 ஆகஸ்டில் துடைத்துக் கிரீஸ் வைத்து ஓவராயில் செய்வதற்காக நான்தான் கழற்றினேன். அப்புறம் வேலை நெருக்கடி, குழந்தை, வீடு கட்டியது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது. பரணில் இருந்த சாக்கை அவளே ஏணி போட்டு இறக்கி வைத்திருக்கிறாள். ஐம்பத்துநாலு வயதில் ஏணி ஏறலாமா?

சாக்கில் இருந்தவை: ஃபிரேம் ஒன்று, ஃபோர்க் ஒன்று, ரிம் இரண்டு, வளைந்த ஹேண்டில், சீட், பெடல் மாட்டும் கிராங்க் இரண்டு, பெடல் இரண்டு, அச்சு, அச்சைத் தாங்கும் கப்புகள், பழைய பால்ரஸ் குண்டு ஒரு டப்பா. காட்டர் பின் ஒன்று. இரண்டு இருக்க வேண்டும். கிராங்கை அச்சோடு சேர்த்துப் பிடிப்பது விரல் நீளமுள்ள இந்தப் பின்தான். இது இல்லையென்றால் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. இடது பக்கத்துப் பின்னைக் காணோம். முப்பத்தொரு வருஷத்தில் எங்கே விழுந்ததோ.

13 ஜூன், வியாழன்

ஃபிரேம் முழுவதும் துரு. அந்தக் காலத்தில் கண்ணாடி மாதிரிக் குரோம் போட்டு இருந்தது. மில் தொழிலாளியான என் மாமனார் போத்தனூரில் ஒரு ரயில்வே டிரைவரிடம் வாங்கியது, இங்கிலாந்துச் சரக்கு. கஸ்தூரி மூன்று முறை மாநிலப் பரிசு வாங்கியது இதில்தான். பெண் பார்க்கப் போனபோது காபி கொடுக்கையில் நேராகப் பார்த்ததைவிடச் சுவரில் சாய்த்திருந்த இந்தச் சைக்கிளில்தான் அவள் முகத்தை அதிகம் பார்த்தேன்.

பெயிண்ட் அடித்து மாட்டினால் இரண்டு நாள் வேலை. ஆனால் அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பழையபடி குரோமே போட்டுவிடுவது என்று குறிச்சியில் காசிம் பாய் பிளேட்டிங் பட்டறைக்கு எடுத்துப்போனேன். நடுவில் அச்சு உட்காரும் கூட்டின் மரையை மெழுகு வைத்து அடைத்துவிடட்டுமா என்று கேட்டார். முப்பத்தேழு வருஷம் டூல் ரூமில் இருந்தவனுக்கு மரையைப் பற்றிப் பாடமா? மரை வெட்டுகிற டேப்பை ஓட்டிக்கொள்வேன், நீங்கள் தொட்டியில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

17 ஜூன், திங்கள்

ரசம் வைத்தேன். ரேணுகாவுக்கு ஃபோன் செய்தேன். அம்மா குளிக்கிறாங்க என்றாள். அப்போது மாலை நாலு மணி.

22 ஜூன், சனி

ஃபிரேம் வந்துவிட்டது. ஹாலில் ஜன்னல் ஓரம் நிறுத்தினேன். கூரையில் ஓடும் ஃபேன், காலண்டர், நான், எல்லாம் குழாய் குழாயாக அதில் தெரிகிறோம். காசிம் பாய் கைக்குக் கும்பிடு போடலாம். நான் போடவில்லை, நல்லா இருக்குது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கப்பைத் திருகினால் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. மரை பூராவும் குரோம் ஏறிக் கிடக்கிறது. இந்த அளவுக்கு டேப் என்னிடம் இல்லை. ஊரில் யாரிடமும் இல்லை. காசிம் பாயிடம் போய்ச் சொல்ல முடியாது. சிரிக்க மாட்டார், நல்ல மனுஷன். அதனால்தான் போக முடியாது.

25 ஜூன், செவ்வாய்

பழைய கப்பு ஒன்றில் இரும்பு அறுக்கும் பிளேடால் நாலு வெட்டு வெட்டி, அதையே டேப்பாக்கிக்கொண்டேன். கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே, எண்ணெய், துணி, மறுபடி கால் சுற்று. இரண்டு நாள் இதே வேலை. அவசரப்பட்டால் மரை கிழிந்துவிடும். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மெழுகு வைத்திருந்தால் ஐந்து நிமிடம்.

வீட்டில் சத்தமே இல்லை. கஸ்தூரி இருந்தபோதும் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் பேசாமல் ஒருத்தர் இருப்பது வேறு, ஆளே இல்லாதது வேறு.

28 ஜூன், வெள்ளி

அவளிடமே ஃபோனில் பேசினேன். வலது பக்கத்துக் கப்பு ஏற மாட்டேன் என்கிறது, எந்தப் பக்கமாகத் திருக வேண்டும் என்று கேட்டேன். "அது இடது மரைங்க. நேர்மாறாச் சுத்தோணும். முன்னயே சொல்லியிருக்கறேன்" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

குரல் நன்றாகத்தான் இருக்கிறது. சளி இல்லை.

இடது மரை என்று எனக்குத் தெரியாதா? காலையிலேயே மாட்டி இறுக்கிவிட்டேன்.

3 ஜூலை, புதன்

ரேணுகா வந்தாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்ததும் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "இதையாப்பா தின்னுட்டு இருக்கறீங்க" என்று கேட்டாள். அப்புறம் உட்காரச் சொன்னாள். என் வீட்டில் என்னையே உட்காரச் சொல்கிறாள், நானும் உட்கார்ந்தேன்.

கஸ்தூரி இப்போது திருப்பூரில் இல்லையாம். உடுமலையில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்குச் சேர்ந்து பதினாறு நாள் ஆகிறதாம். தங்க அறை, சாப்பாடு எல்லாம் அங்கேயே. விடுதிப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கித் தினமும் காலையில் ஓட்டுகிறாளாம்.

சைக்கிள் ரெடியானதும் வருவாளே என்றேன்.

"எடுத்துட்டுப் போக வருவாங்கப்பா. இருக்கறதுக்கு வர மாட்டாங்க."

அவள் அழுதுகொண்டே தோசைக்கல்லைத் தேய்த்தாள். நான் பின்சக்கரத்தின் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதனால் அம்மாவுக்கு இவ்வளவு கோபம் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். கோபம் இல்லப்பா, கோபம் இருந்தாத் தேவலையே என்றாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள். என் பிரிவு உபசார விழாவன்று மேடையில் நான் பேசியதைக் கேட்டதும் கஸ்தூரி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். அப்போதே கிளம்பத் தயாரானவள் மாதிரி இருந்ததாம்.

நான் மேடையில் அப்படி என்ன பேசினேன்? எல்லோரும் பேசுகிறதுதான். எடுத்த வேலையை ஒருநாளும் நான் பாதியில் விட்டதில்லை என்றேன். கைதட்டினார்கள்.

7 ஜூலை, ஞாயிறு

இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தேன். அரை நூல்கூட ஆட்டம் இல்லை. சுற்றிவிட்டால் நான் டீ போட்டுக் குடித்து முடிக்கிறவரைக்கும் சுற்றுகிறது.

எழுதி வைத்துவிடுகிறேன். 1993 வைகாசியில் கல்யாணம். ஆகஸ்டில் கஸ்தூரிக்கு ரயில்வே அணித் தேர்வுக்குக் கடிதம் வந்தது. தேர்வானால் சென்னையில் வேலை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பத்து நாளுக்கு முன்னால், எல்லாவற்றையும் பிரித்துக் கிரீஸ் வைத்துத் தருகிறேன், காற்றாய்ப் பறக்கும் என்று சொல்லி நான் கழற்றினேன். மாட்டும்போது இடது பின் இல்லை. இங்கிலாந்து அளவு என்பதால் கடையில் கிடைக்கிற பின் சேரவில்லை. லேத்தில் கடைந்து எடுத்து வருகிறேன் என்றேன். லேத் ஒழியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு நாள் போய்விட்டது.

பக்கத்து வீட்டு லேடீஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டு அவள் ஓட்டினாள். முன்னால் கூடை வைத்த சைக்கிள். கடைசியாக வந்தாள். மைதானத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

என் அம்மாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. மருமகள் அரை டவுசர் போட்டு ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று அம்மா நினைத்திருப்பார்கள். அந்தக் காலம் அப்படி.

10 ஜூலை, புதன்

அம்மாவைப் பற்றி எழுதியது பொய். "ஏண்டா நாச்சிமுத்து, அந்தப் புள்ளைக்கு மாட்டிக் குடுக்காம என்னடா பண்ணீட்டு இருக்கற?" என்று அம்மா தினமும் கேட்டார்கள். செத்துப்போனவர்கள் மேல் பழி போடக் கூடாது.

14 ஜூலை, ஞாயிறு

ஹேண்டில் மாட்டி நாடா சுற்றினேன். பிரேக் கம்பி புதிது. சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில் சிக்கிக்கொண்டேன். ஓட்டுகிறவரின் கால் அளவு தெரிந்தால்தான் சீட்டு வைக்க முடியும். ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்தும் கஸ்தூரியின் உயரம் எனக்குத் தெரியாது. என் தோள்வரை இருப்பாளா, காதுவரையா? ரேணுகாவிடம் கேட்கலாம். கேட்டால் சிரிப்பாள், இல்லாவிட்டால் மறுபடி அழுவாள்.

கடைசியில் பின்பக்கக் கொடியில் அவள் மறந்துவிட்டுப் போன உள்பாவாடை ஞாபகம் வந்தது. நான் இன்னும் எடுக்கவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் நாடாவிலிருந்து ஓரம்வரை அளந்தேன். முப்பத்தேழே கால் அங்குலம். தரையில் படாமல் கட்டுவாள், அதற்கு இரண்டு அங்குலம் சேர்த்தேன். இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ளதைக் கழித்தேன். மாடியிலிருந்து பின்வீட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மரை கழண்டுவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

18 ஜூலை, வியாழன்

செயின் மாட்டியாயிற்று. வலது கிராங்க் மாட்டியாயிற்று. எல்லாம் முடிந்தது, இடது பின் தவிர.

இடது கிராங்கைச் சும்மா அச்சில் செருகி வைத்திருக்கிறேன். பார்த்தால் முழுச் சைக்கிள். மிதித்தால் கால் தனியாகச் சுற்றும்.

அவசரம் ஒன்றும் இல்லை. ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் எதையும் வீடு மாற்றுவதில்லை.

24 ஜூலை, புதன்

கஸ்தூரியே ஃபோன் செய்தாள். முடிந்ததா என்று கேட்டாள். எல்லாம் ஆயிற்று, ஒரு காட்டர் பின் மட்டும் இல்லை, நம்ம அளவுக்குக் கடையில் கிடைக்காது, லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும், நாளைக்குப் போகிறேன் என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை.

"எந்தப் பக்கத்துப் பின்னுங்க?"

இடது என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. "செரிங்க. ஞாயித்துக்கெழம வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

26 ஜூலை, வெள்ளி

பின் எங்கேயும் விழவில்லை.

அளவு பார்க்கும் என் வெர்னியர் கருவிப் பெட்டியில் இருக்கிறது. வெல்வெட்டுக்கு அடியில். 1993இல் கழற்றிய அன்று சாயங்காலமே நான் வைத்தது. இந்த டைரியின் முதல் பக்கத்தில் எங்கே விழுந்ததோ என்று எழுதும்போதும் எனக்குத் தெரியும். யாரும் படிக்காத டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். லேத் அந்த ஏழு நாளும் ஒழிந்துதான் இருந்தது. அரை மணி நேர வேலை. கடையவே வேண்டாம், பெட்டியைத் திறந்தால் போதும்.

அவள் தேர்வாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் ஓட்டிப் பார்த்தவன் நான். சென்னைக்குப் போய்விடுவாள், வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. போயிருந்தால் வாரம் ஒருமுறை ரயிலேறி வந்திருப்பாள்.

இப்போதும் அதையேதான் செய்கிறேன். பின்னை அடித்துவிட்டால் அவள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

28 ஜூலை, ஞாயிறு

காலை ஏழரைக்கு வந்தாள். சுடிதார், கேன்வாஸ் ஷூ. முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். முகம் கறுத்து, ஆனால் தெளிவாக இருந்தாள். காபி போடட்டுமா என்றேன். பஸ்ஸில் வரும்போதே குடித்துவிட்டேன் என்றாள். உள்ளே போய்ப் பானையில் தண்ணீர் மட்டும் தானே மொண்டு குடித்தாள்.

சைக்கிளின் முன்னால் வந்து நின்றாள். குரோமில் விரலை வைத்து முன்னிருந்து பின்வரை ஒரே இழுப்பாய் இழுத்தாள். விரல் போன கோடு ஆவியாய்ப் படிந்து மறைந்தது. நல்லா இருக்குது என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். உட்கார்ந்து இடது கிராங்கைப் பிடித்து ஆட்டினாள். அது லொடலொட என்று ஆடியது.

நான் சட்டைப் பையிலிருந்து பின்னை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "இது என்கிட்டத்தான் இருந்துச்சு கஸ்தூரி" என்றேன்.

"தெரியுங்க."

நீட்டிய கையை மடக்காமல் அவளையே பார்த்தேன்.

"வெர்னியர் பொட்டியில இருந்துச்சு. ரேணுகா வயித்துல இருக்கறப்ப ஒருநாள் உங்க மேசையத் தொடைக்கறப்பப் பாத்தேன். எடுத்துப் பாத்துட்டு, இருந்த எடத்துலயே வெச்சுட்டேன்."

ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன் என்றுகூடச் சொன்னேன்.

"நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு பாத்தேனுங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு அந்தப் பொட்டிக்குத்தான் மொதப் பொட்டு வெப்பீங்க. இந்த வருசம் எடுத்துருவாரு, இந்த வருசம் எடுத்துருவாருன்னு நானும் கும்புட்டுட்டு நின்னேன். அன்னைக்கு மேடையில நீங்க பேசுனப்பத்தான், இனி எடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுது."

அவள் குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மார்க்கெட்டில் என்ன வாங்கினோம் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் அழுதேன். அறுபதை நெருங்குகிறவன் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அழுதேன். மறைத்து எழுத இனி என்ன இருக்கிறது.

அவள் என் கையிலிருந்து பின்னை எடுத்துக்கொண்டாள். "நான் தோத்துருந்தாலும் தோத்துருப்பேனுங்க. ஆனா அது என்ற சொந்தத் தோல்வியா இருந்திருக்கும்" என்றாள். அப்புறம் சுத்தியல் கேட்டாள். கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒரு கட்டையும் கேட்டாள்.

நான் கட்டையைப் பிடித்தேன், அவள் அடித்தாள். காட்டர் பின் அடிக்கும்போது கீழே ஒருத்தர் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடி முழுவதும் அச்சில் இறங்கிப் பால்ரஸ் நசுங்கும். ஐந்து அடி. ஒவ்வொரு அடியும் என் மணிக்கட்டுவரை வந்தது. பின் உட்கார்ந்தது. வாசர் போட்டு நட்டை இறுக்கினாள். கிராங்கை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

வாசலில் ஏறி உட்கார்ந்து, மிதியை அடிக்கு இறக்கிக் காலை நீட்டிப் பார்த்தாள். "சீட்டு சரியா இருக்குதுங்களே. எப்படி அளந்தீங்க?"

சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். நிமிர்ந்தபோது இல்லை.

"அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துருங்க. அங்க மாத்துத்துணிக்கு ஆகும்."

கொடியிலிருந்து எடுத்து, நாலாய் மடித்துக் கொடுத்தேன். முதுகுப்பையில் வைத்துக்கொண்டாள். உடுமலைவரைக்குமா மிதிக்கப் போகிறாய் என்று கேட்டேன். பொள்ளாச்சிவரைக்கும் மிதித்துப் பார்க்கிறேன், முடியாவிட்டால் பஸ்ஸில் ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றாள்.

"வர்றேனுங்க" என்றாள். நம் ஊரில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை.

சுந்தராபுரம் திருப்பத்தில் வெயில் பட்டு ஃபிரேம் ஒருமுறை பளிச்சென்று அடித்தது. அவள் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிக் குனிந்து ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பேலன்ஸ் போய்விடும்.

29 ஜூலை, திங்கள்

காட்டர் பின் புதிதாக அடித்தால் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டு கொஞ்சம் தளரும். ஒருமுறை இறுக்க வேண்டும். நேற்று அவளிடம் அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

காலையில் ஃபோன் செய்து சொன்னேன்.

"கிணத்துக்கடவுலயே இறுக்கிட்டேனுங்க" என்றாள்.

ஸ்பேனரை அவளே கொண்டுவந்திருக்கிறாள்.